பழைய வேனில் ஐடிலிங் இறங்கவில்லையா? கூடுதல் காற்றைத் தேடுங்கள்

நன்றாகச் சூடேறிய பெட்ரோல் இன்ஜின், ஆக்சிலரேட்டரில் கால் படாதபோது பெரும்பாலும் 650 முதல் 850 ஆர்.பி.எம்.முக்குள் ஓடும். உங்கள் வண்டிக்கான சரியான எண், பானெட்டின் உட்புறம் ஒட்டியுள்ள எமிஷன் ஸ்டிக்கரிலோ சர்வீஸ் மேனுவலிலோ இருக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 1,200, 1,500 வரை ஏறுவது கோளாறு அல்ல. சூடாகச் சூடாக அது தானே இறங்கிவிடும். கூலன்ட் முழுச் சூட்டுக்கு வந்த பிறகும் 1,400, 1,600 என்று நின்றால்தான் வேலை இருக்கிறது. அப்படி ஓடும் வேன் பிரேக்கை மீறி முன்னே தள்ளும். ஆட்டோமேட்டிக் என்றால் டிரைவுக்கு மாற்றியதும் டக்கென்று இடிக்கும். அந்த இடி கியர்பாக்ஸுக்கும் இன்ஜின் மவுன்டுக்கும் நல்லதல்ல.

இங்கே சொல்வது முக்கியமாக, கேபிள் இழுக்கும் த்ராட்டிலும் (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு) ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் உள்ள பெட்ரோல் வேன்களுக்கு. கார்புரேட்டர் வண்டிக்கும் எலக்ட்ரானிக் த்ராட்டிலுக்கும் கடைசியில் சில வரிகள். டீசல் முற்றிலும் வேறு கதை. அதில் வேகத்தைத் தீர்மானிப்பது பம்பு தரும் எரிபொருள். வேக்யூம் ஹோஸ் கிழிந்ததால் டீசலின் ஐடிலிங் ஏறாது.

பெட்ரோல் இன்ஜினில் வேகத்தைத் தீர்மானிப்பது காற்று. அதிக பெட்ரோல் போனால் புகையும், மிஸ்ஸிங் வரும். ஆனால் காற்று கூடாமல் 1,600 ஆர்.பி.எம். வராது. ஆகவே கேள்விகள் இரண்டுதான். கூடுதல் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது? அதை ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கேட்டு வாங்குகிறதா, அல்லது கேட்காமலேயே வருகிறதா? இவற்றுக்கு விடை தெரியாமல் ஐஏசி வால்வு (ஐடிலிங்கில் த்ராட்டில் தகட்டைச் சுற்றிப் போகும் காற்றை ஈசியூ கூட்டிக் குறைக்கும் வால்வு), த்ராட்டில் சென்சார் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டுவது பணத்துக்குக் கேடு. ஐடிலிங் ஏறினால் முதலில் பழி விழுவது ஐஏசி வால்வின் மேல். பாதிக்குப் பாதி அது குற்றமற்றது.

முதலில் கேபிள்

இன்ஜினை நிறுத்திவிட்டு, காற்று டக்டைக் கழற்றாமலே த்ராட்டில் லீவரைப் பாருங்கள். லீவர் அதன் ஸ்டாப் ஸ்க்ரூவில் முட்டி நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி லீவரை விடுங்கள். காகிதம் பிடிபட்டால் சரி. தாராளமாக உருவி வந்தால் ஏதோ ஒன்று லீவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கேபிள் விறைப்பாக இருக்கலாம், க்ரூஸ் கன்ட்ரோலின் இரண்டாவது கேபிள் இழுக்கலாம், ரிட்டர்ன் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கலாம், பெடலுக்கு அடியில் தரைவிரிப்பு மடிந்திருக்கலாம். கேபிளில் லேசான தொய்வு அவசியம். தந்தி போல நிற்கக் கூடாது.

வேனுக்கே உரிய சிக்கல் ஒன்று. பல வேன்களில் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு நடுவிலோ அடியிலோ இருக்கும். கேபிள் சூடான பாகங்களை ஒட்டி வளைந்து போகும். உறையின் உட்பக்கம் உருகிப் பிடித்துக்கொண்டால், பெடல் மேலே வந்தாலும் கேபிள் முழுதாகத் திரும்பாது. இன்ஜின் மவுன்ட் உடைந்திருந்தாலும் இன்ஜின் சாயும்போது கேபிள் இழுபடும். ஓடும் இன்ஜினில் லீவரை விரலால் மூடும் திசையில் அழுத்திப் பாருங்கள். வேகம் இறங்கினால் தேடல் இங்கேயே முடிந்தது.

ஸ்கேனர் சொல்வது

அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001 முதலும் ஈசியூவின் தகவலைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுவதற்கான 16 பின் ஓபிடி சாக்கெட் கட்டாயம். அதற்கு முந்தைய வேன் என்றால் அந்தத் தயாரிப்புக்கே உரிய ஸ்கேனரோ, மல்டிமீட்டரும் பொறுமையுமோ வேண்டும். ஃபால்ட் கோடு இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். லைவ் டேட்டாதான் இங்கே உதவும். கூலன்ட் வெப்பம், த்ராட்டில் நிலை, ஐஏசி நிலை, ஈசியூ விரும்பும் ஐடில் வேகம், உண்மையான வேகம், ஃப்யூயல் ட்ரிம் இரண்டும் (பெட்ரோல் அளவில் ஈசியூ செய்யும் குறுகிய கால, நீண்ட காலத் திருத்தங்கள்), பேட்டரி வோல்ட் ஆகியவற்றை ஒரே திரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விரும்பும் வேகமே 1,400 என்று காட்டினால் ஈசியூதான் கேட்கிறது. அதை யாரோ ஏமாற்றுகிறார்கள். விரும்புவது 750, ஓடுவது 1,500, ஐஏசி பூஜ்ஜியம் என்றால், ஈசியூ தன் கதவை முழுதாக மூடிவிட்டது, ஆனாலும் காற்று வருகிறது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஸ்டெப்பர் வகை வால்வில் (சிறு மோட்டார் படிப்படியாக நகர்த்தும் வகை) ஸ்கேனர் காட்டும் எண் ஈசியூவின் கணக்கு மட்டுமே. வால்வு உண்மையில் அந்த இடத்துக்கு நகர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

ஈசியூ கேட்கும்போது

கூலன்ட் சென்சாரிலிருந்து தொடங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை ஆன் செய்து கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். மைனஸ் 40 காட்டினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. இந்த சென்சார்கள் பெரும்பாலும் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை. 20 டிகிரியில் 2 முதல் 3.5 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் என்பது பரவலாகக் காணும் மதிப்பு. கனெக்டரில் பச்சை பூத்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும். இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று ஈசியூ நம்பிவிடும். மீட்டர் போர்டின் முள்ளுக்குப் பல வண்டிகளில் தனி சென்சார் உண்டு. அதனால் முள் நடுவில் நிற்பது ஈசியூவுக்குச் சரியான தகவல் போகிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

சென்சார் நன்றாக இருந்து கூலன்ட் குறைவாக இருந்தாலும் இதே கதைதான். பின்பக்க ஹீட்டர் உள்ள வேன்களில் நீளமான குழாய்கள் தரைக்கு அடியில் ஓடுகின்றன. கூலன்ட் மாற்றியபின் அவற்றில் காற்று சிக்கிக்கொள்வது சகஜம். சென்சாரின் முனை நீராவிக் குமிழில் நின்றால் வாசிப்பு தாறுமாறாக ஏறி இறங்கும். வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, இரண்டு ஹீட்டர்களையும் முழுச் சூட்டில் திறந்துவைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டால் கூலன்ட் 60, 65 டிகிரியைத் தாண்டாது, ஐடிலிங்கும் முழுதாக இறங்காது.

அடுத்து த்ராட்டில் சென்சார். 5 வோல்ட் ரெஃபரன்ஸ் உள்ள சென்சாரில், மூடிய நிலையில் சிக்னல் வயர் ஏறக்குறைய 0.4 முதல் 0.9 வோல்ட் வரை, முழுதாகத் திறந்தால் 4.5 பக்கத்தில். எண்ணைவிட அதன் நிதானம் முக்கியம். கால் வைக்காமலே 0.5க்கும் 0.7க்கும் இடையே துள்ளினால், கால் பெடலில் இருப்பதாக நினைத்து ஈசியூ ஐடில் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வராது. சில ஜப்பானிய த்ராட்டில் பாடிகளில் சென்சாருக்குள் ஐடில் சுவிட்ச் தனியாக உண்டு. மூடிய நிலையில் அது இணைப்புக் காட்டியே ஆக வேண்டும்.

ஏசி ரிக்வெஸ்ட், பவர் ஸ்டியரிங் பிரஷர் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் ஆகிய மூன்றும் ஸ்கேனரில் ஒரு பார்வையில் முடியும். வோல்ட்டை விட்டுவிடாதீர்கள். ஓடும் இன்ஜினில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். சார்ஜிங் பலவீனமாகி வோல்ட் சரிந்தால், ஆல்டர்னேட்டரை வேகமாகச் சுழற்றுவதற்காகவே சில ஈசியூக்கள் ஐடிலிங்கை உயர்த்தும்.

கேட்காத காற்று

பழைய வேன்களில் பெரும்பாலும் வேலை இந்தப் பக்கம்தான். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பார்க்கிலோ நியூட்ரலிலோ வைத்து, திறந்தவெளியில் செய்யுங்கள். கேபினுக்குள்ளிருந்து இன்ஜின் கவரைத் திறந்து வேலை செய்தால் எக்ஸாஸ்ட் வாயு நேராக உங்கள் மூக்குக்கு வரும். எல்லாக் கதவுகளும் திறந்திருக்கட்டும்.

காற்று டக்டைக் கழற்றினால், த்ராட்டில் பாடியின் உள்ளே தகட்டுக்கு முன்னால் ஒரு சிறு துளை தெரியும். ஐஏசி வால்வுக்குக் காற்று போகும் வாய் அதுதான். இன்ஜின் ஓடும்போது அதை விரலால் மூடுங்கள். இன்ஜின் தடுமாறி அணைந்தால் கூடுதல் காற்று வால்வு வழியாகத்தான் போகிறது. வால்வையும் அதன் வயரிங்கையும் பாருங்கள். வேகம் அசையாமல் நின்றால் வால்வை மறந்துவிடுங்கள், அதைக் கழற்றிச் சுத்தம் செய்தாலும் ஒன்றும் மாறாது. அடைக்கத் துணியை மட்டும் பயன்படுத்தாதீர்கள், உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் டக்டைக் கழற்றினால் இன்ஜின் அணைந்துவிடும். அங்கே ஐஏசி ஹோஸைக் கிளாம்ப்பால் நசுக்குங்கள். ஹோஸ் இல்லாத அமைப்பு என்றால் இன்ஜினை நிறுத்தித் துளையை டேப்பால் ஒட்டி, டக்டைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.

சில ஜப்பானிய த்ராட்டில் பாடிகளில் இன்னொரு துளையும் உண்டு. அதன் பின்னால் கூலன்ட் சூட்டில் விரியும் மெழுகு வால்வு இருக்கும். சூடானதும் அது மூடிக்கொள்ள வேண்டும். சூடான இன்ஜினில் அந்தத் துளையில் உறிஞ்சல் தெரிந்தால், த்ராட்டில் பாடிக்குப் போகும் இரண்டு சிறு கூலன்ட் குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று ஆறிக் கிடந்தால் அடைப்பு அல்லது கூலன்ட் குறைவு. இரண்டும் சுடுகின்றன, உறிஞ்சலும் இருக்கிறது என்றால் மெழுகு வால்வு செத்துவிட்டது.

எவ்வளவு பெரிய ஓட்டையைத் தேட வேண்டும்? 2.4 லிட்டர் இன்ஜின் சூடான ஐடிலில் வினாடிக்குச் சுமார் 3 கிராம் காற்று இழுக்கும். மேனிஃபோல்டின் (த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) அழுத்தம் வெளிக்காற்றின் பாதிக்கும் கீழே இருப்பதால், ஓட்டை வழியே காற்று ஒலியின் வேகத்தில் நுழைகிறது. எவ்வளவு நுழையும் என்பதை ஓட்டையின் பரப்பே தீர்மானிக்கும். 3 மி.மீ. துளை ஏறக்குறைய 1.4 கிராம், 6 மி.மீ. துளை 5 கிராமுக்குச் சற்று மேல். சிறிய கசிவை ஐஏசி தன்னை மூடிக்கொண்டு ஈடுகட்டிவிடும், ஆர்.பி.எம். முள்ளில் ஒன்றுமே தெரியாது. மூடுவதற்கு இனி இடமில்லை என்ற பிறகுதான் ஐடிலிங் ஏறத் தொடங்கும். 1,600ல் நிற்கும் இன்ஜினில் ஊசித்துளையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் அளவு கிழிசலோ, பல சின்னக் கசிவுகளின் கூட்டோ இருக்கிறது.

ஹோஸ்களை ஒவ்வொன்றாக, மழுங்கிய வாயுள்ள ப்ளேயரால் துணி சுற்றி நசுக்குங்கள். ஒவ்வொன்றையும் மேனிஃபோல்டுக்கு மிக அருகில். பிரேக் பூஸ்டர் ஹோஸ் முதலில். நசுக்கும்போது வேகம் இறங்கினால் ஹோஸோ பூஸ்டரின் டயாஃப்ரமோ போய்விட்டது. பிரேக் பெடல் கெட்டிப்பட்டிருக்கும், மிதித்தால் சீறல் கேட்கும். இது ஐடிலிங் பிரச்சினை மட்டுமல்ல, அந்த வேனை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

அடுத்தது பி.சி.வி. ஹோஸ், அதாவது கிராங்க்கேஸின் ஆவியை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் குழாய். எண்ணெய் ஆவியும் சூடும் சேர்ந்து அதன் வளைவை மெத்தென்று ஆக்கிவிடும். மேலே முழுசாகத் தெரியும், மேனிஃபோல்டைத் தொடும் அடிப்பக்கம் பிளந்திருக்கும். கையை விட்டுச் சுற்றித் தடவிப் பாருங்கள். பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். திறந்தபடி ஒட்டிக்கொண்ட வால்வும், வேறு இன்ஜினுக்கான வால்வும் தேவைக்கு மேல் காற்று விடும். பிறகு பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு. அது மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் வகை. கழற்றி ஊதினால் காற்று போகக் கூடாது.

ஹீட்டர், ஏசியின் காற்றுத் திசையை வேக்யூமால் மாற்றும் வேன்களில் டேஷ்போர்டுக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களும், எங்கோ மூலையில் ஒரு வேக்யூம் டப்பாவும் இருக்கும். முகத்துக்கு வர வேண்டிய காற்று தானாகக் கண்ணாடிப் பக்கம் போனால் அங்கே கசிகிறது என்று பொருள். திசைக் குமிழை ஒவ்வொரு நிலைக்கும் திருப்பி ஐடிலிங் மாறுகிறதா பாருங்கள். ஈஜிஆர் வால்வைக் கடைசியில் வைக்கலாம்: அது திறந்து நின்றால் உள்ளே போவது எரிந்த வாயு, இன்ஜின் குலுங்கி அணையப் பார்க்குமே தவிர வேகம் எடுக்காது.

ஹோஸ்கள் எல்லாம் தேறினால் மிஞ்சுவது மேனிஃபோல்ட் கேஸ்கெட், த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங். தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் மென்தூறலாக இணைப்புகளில் அடித்தால், கசியும் இடத்தில் ஒலி மாறும் அல்லது வேகம் சற்று அசையும். கார்ப் க்ளீனர் அடிப்பவர்கள் இன்ஜின் குளிராக இருக்கும்போதே, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு எட்டாத தூரத்தில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நெருப்பு பிடித்தால் வேனில் அது கேபினுக்குள்தான் முதலில் வரும். ஸ்மோக் மெஷின் கிடைத்தால் 1 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் வேண்டாம். அதைவிட நல்ல வழி இல்லை. சில வி வடிவ இன்ஜின்களில் கேஸ்கெட் அடிப்பக்கமாக, நேராகக் கிராங்க்கேஸுக்குள் கசியும். வெளியிலிருந்து எதை அடித்தாலும் தெரியாது. பி.சி.வி.யையும் அதன் புதுக்காற்றுக் குழாயையும் அடைத்துவிட்டு, ஆயில் ஊற்றும் வாய்மேல் கையை வையுங்கள். கையை இழுத்தால் கசிவு உள்ளேதான்.

ட்ரிம் எண்களில் ஏமாறாதீர்கள்

ஐடிலில் ட்ரிம் கூட்டுத்தொகை பிளஸ் 15 சதவீதம், 2,500 ஆர்.பி.எம்.மில் பூஜ்ஜியத்துக்குப் பக்கம் என்றால் வேக்யூம் கசிவு. இந்தப் பாடம் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள இன்ஜினுக்குப் பொருந்தும். அங்கே கசிந்த காற்று அளக்கப்படாமல் நுழைகிறது. மேப் சென்சார் உள்ள இன்ஜினோ, மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்தே பெட்ரோல் போடுகிறது. காற்று எந்த ஓட்டை வழியாக வந்தாலும் அதற்கேற்ற பெட்ரோல் கிடைத்துவிடும். இன்ஜின் வழுவழுப்பாக 1,600ல் ஓடும், ட்ரிமும் பிளஸ் 3, 4க்கு மேல் போகாது. ‘ட்ரிம் நன்றாக இருக்கிறது, கசிவு இல்லை’ என்ற தீர்ப்பு மேப் வண்டியில் செல்லாது. மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வேக்யூம் கேஜும் இப்படித்தான்: கூடுதல் காற்றை விழுங்க இன்ஜின் வேகம் எடுத்துவிடுவதால், கசிவு இருந்தும் முள் 17 முதல் 22 இஞ்ச் (பாதரச அளவு) என்ற நல்ல இடத்தில் நிற்கக்கூடும்.

ஐடிலிங் ஒரே இடத்தில் நிற்காமல் 1,200க்கும் 2,000க்கும் இடையே ஊஞ்சலாடினால் அதுவும் இதே கோளாறின் இன்னொரு முகம். த்ராட்டில் மூடியிருக்கிறது, வேகமோ அதிகம். இறக்கத்தில் உருள்வதாக நினைத்து ஈசியூ பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் விழுந்ததும் மறுபடி தருகிறது, மறுபடி ஏறுகிறது.

ஸ்டாப் ஸ்க்ரூவும் ஐஏசியும்

பழைய வண்டிகளில் ஸ்டாப் ஸ்க்ரூவின் பெயிண்ட் முத்திரை உடைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்: தகட்டின் ஓரத்தில் கரி படிந்து இன்ஜின் அணைந்திருக்கும், யாரோ சுத்தம் செய்யாமல் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருகியிருப்பார்கள், பின்னால் வேறொருவர் கரியைத் துடைத்ததும் ஐடிலிங் ஏறிவிடும். மேனுவலில் அடிப்படை அமைப்பு முறை இருந்தால் அதன்படியே செய்யுங்கள். இல்லையென்றால் முதலில் கசிவெல்லாம் அடைத்துத் தகட்டைச் சுத்தம் செய்த பிறகு, சூடான இன்ஜினில், லோடு எதுவும் இல்லாமல், கால் சுற்றாக வெளியே எடுத்துக்கொண்டு ஐஏசி எண்ணைக் கவனியுங்கள். பல ஸ்டெப்பர் அமைப்புகளில் 10 முதல் 30 ஸ்டெப் ஆரோக்கியமான இடம். தகடு பாடியில் உரசிச் சிக்கும் அளவுக்கு மூடாதீர்கள். ஸ்க்ரூவைத் தொட்டால் த்ராட்டில் சென்சார் வோல்ட்டை மறுபடி அளக்க வேண்டும்.

ஐஏசியே குற்றவாளி என்று துளைச் சோதனை சொன்னால், பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு வால்வை எடுங்கள். த்ராட்டில் க்ளீனரும் மென்மையான பிரஷும் போதும். கம்பி பிரஷ் வேண்டாம். காயில் பக்கம் க்ளீனர் இறங்காதபடி முனையைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். ஸ்டெப்பரின் ஊசியைக் கையால் அழுத்தித் தள்ளினால் உள்ளே பல் போகும். ஜெனரல் மோட்டார்ஸ் வகை நான்கு வயர் வால்வில் காயில் ஒவ்வொன்றும் 40 முதல் 80 ஓம். திரும்ப மாட்டும்போது ஊசிமுனை ஃப்ளாஞ்சிலிருந்து 28 மி.மீ.க்கு மேல் நீட்டியிருந்தால் அது உட்காரும் துளை வாயில் மோதி வால்வு உடையும். ஓ-ரிங் புதியதாக இருக்கட்டும். பேட்டரியைத் திரும்பக் கொடுத்தபின், இன்ஜின் முழுச் சூடாகும் வரை லோடு இல்லாமல் ஓடவிட்டு, பிறகு ஏசியுடன் சில நிமிடம் விடுங்கள். ஈசியூ புதிதாகக் கற்றுக்கொள்ளும்.

எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டியில் தனி ஐஏசி கிடையாது, தகடே அந்த வேலையைச் செய்கிறது. கரியைத் துடைத்தவுடன் ஐடிலிங் ஏறினால் பயப்பட வேண்டாம். அழுக்குக்கு ஏற்பக் கற்றுவைத்த பழைய கணக்கு அது, ஸ்கேனரில் த்ராட்டில் ரீலேர்ன் கொடுங்கள். தகட்டைக் கையால் தள்ளித் திறக்காதீர்கள். கார்புரேட்டரில் சோக் முழுதாகத் திறந்தும் ஃபாஸ்ட் ஐடில் கேம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, எலக்ட்ரிக் சோக்குக்கு மின்சாரம் வருகிறதா, த்ராட்டில் ஷாஃப்ட் அதன் துளையில் ஆடுகிறதா, அடி கேஸ்கெட் கசிகிறதா என்று இதே வரிசையில் பாருங்கள்.

இரண்டு கோளாறு சேர்ந்தால்

மேப் சென்சார் உள்ள நான்கு சிலிண்டர் வேன் என்று வைத்துக்கொள்வோம். விரும்பும் வேகம் 750, ஓடுவது 1,500, ஐஏசி 0, கூலன்ட் 88 டிகிரி, ட்ரிம் பிளஸ் 3. துளையை மூடினால் மாற்றமில்லை. ஆகவே வால்வு நிரபராதி. பிரேக் ஹோஸை நசுக்கினால் மாற்றமில்லை. பி.சி.வி. ஹோஸை நசுக்கியதும் வேகம் 950க்கு இறங்குகிறது. ஹோஸை மாற்றியதும் வண்டியை எடுத்துக்கொண்டு போகத் தோன்றும். ஆனால் 950 சரியான எண் அல்ல, ஐஏசி இன்னும் 0லேயே நிற்கிறது. அடுத்து ஸ்டாப் ஸ்க்ரூவைப் பார்த்தால் முத்திரை உடைந்திருக்கும். அதைச் சரிசெய்ததும் வேகம் 750, ஐஏசி 18. வேலை முடிந்ததைச் சொல்வது இந்த 18தான். வேகம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் திருத்த ஈசியூவின் கையில் இப்போது இடம் இருக்கிறது. ஏசி, ஹெட்லைட், பின்பக்க ப்ளோயர் எல்லாவற்றையும் போட்டு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துப் பாருங்கள். ஐஏசி எண் ஏற வேண்டும், வேகம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

பி.சி.வி.க்கு எண்ணெயும் பெட்ரோலும் தாங்கும் ஹோஸ்தான் போட வேண்டும். ரேடியேட்டருக்கும் ஹீட்டருக்குமான ரப்பர் ஹோஸ் அளவில் பொருந்தும், ஆனால் எண்ணெய் ஆவியில் ஊறி உப்பி, அதே வளைவில் மறுபடி பிளக்கும்.